சாவிக்கொத்துச் சோதனை

உலகநாதன் மைக் செட்டிலிருந்து, சோதனையில் தேறாத ஆம்ப்ளிஃபயர் எதுவும் வெளியே போனதில்லை. கோவில்பட்டிச் சுற்றுவட்டாரத்தில் அந்தக் காலத்து மனிதர் எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். மற்ற கடைக்காரர்கள் மைக்கின் முன் நின்று "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்பார்கள். ஆம்பிளைக் குரலுக்கு எந்தப் பெட்டியும் தேறிவிடும் என்பார் என் அப்பா உலகநாதன். எங்கள் கடையில் மைக்கின் முன்னால் வீட்டுச் சாவிக்கொத்தை ஆட்டுவோம்.

இரும்பும் பித்தளையும் உரசுகிற அந்தச் சத்தத்தில், மனிதக் காதுக்கு எட்டும் எல்லை வரைக்கும் அதிர்வுகள் இருக்கின்றன. நல்ல பெட்டியில் சாவி சாவியாகவே கேட்கும். மந்தமான பெட்டியில், மண்பானைக்குள் சில்லறையைப் போட்டுக் குலுக்கினாற்போலக் கேட்கும்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. உள்ளறையில் அம்மா சாவிக்கொத்தை ஆட்டுவாள். வெளியே ஒலிபெருக்கிக்கு எதிரே அக்கா ஆவுடையம்மாள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். அவளுடைய காதுதான் எங்கள் கடையின் காது. பெட்டி தேறினால் "சரி" என்பாள். தேறாவிட்டால் நாக்கை மேலண்ணத்தில் வைத்து மெல்ல உச்சுக் கொட்டுவாள். பிறகு அதே "சரி" என்பாள். பெற்ற அப்பாவின் முகத்துக்கு நேராக "சரியில்லை" என்று சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. அப்பாவும் எதுவும் கேட்கமாட்டார். உச்சு காதில் விழுந்ததுமே ஸ்குரூ டிரைவரை எடுத்துவிடுவார்.

"சத்தமாக் கத்துதவனால வேகமாப் பேச முடியாது. டிரான்சிஸ்டரும் அப்படித்தான்" என்பார். டிரான்சிஸ்டரின் உள்வாசலுக்கும் வெளிவாசலுக்கும் நடுவே, யாரும் வைக்காமல் தானாகவே அமைந்த ஒரு சிறு கண்டென்சர் உண்டு. ஒரே டிரான்சிஸ்டரிடம் சத்தப் பெருக்கத்தைக் கூட்டிக் கேட்கக் கேட்க, அந்தச் சிறு கண்டென்சரும் தன் அளவை மீறிப் பெருத்து, வேகமாக வருகிற துடிப்புகளை, அதாவது கூர்மையான சத்தங்களையெல்லாம், விழுங்கிவிடும். மிஞ்சுவது மந்தமான பெருஞ்சத்தம். பேராசைப்படாமல் பெருக்கத்தைக் குறைத்துக்கொண்டால் சலங்கை சலங்கையாக வரும், ஜால்ரா ஜால்ராவாக வரும். கழுகுமலைக் கோயில் கொடைத் திருவிழாவில் எங்கள் குழாய் ஒலிபெருக்கியில் வில்லுப்பாட்டு ஒலித்தால், வில்லில் கட்டிய மணி ஒவ்வொன்றையும் தனித்தனியாக எண்ணலாம் என்று பேர் இருந்தது. சத்தம் காணாது என்று குறை சொன்னவர்களும் உண்டு. "கிட்ட வந்து கேளுங்க" என்று அப்பா அவர்களை அனுப்பிவிடுவார்.

அந்தக் காலமெல்லாம் போயிற்று. இப்போது கொடையில் குழாய் கட்டுவதில்லை. அவரவர் காதுக்குள் பொட்டு அளவில் ஒரு கருவி இருக்கிறது; பொட்டு என்றே அதற்குப் பேர். அதற்குள்ளேயே வில்லுப்பாட்டு வந்துவிடுகிறது. கோயில் முன்னால் ஆயிரம் பேர் ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறார்கள். நான் அந்தப் பொட்டை வைத்துக்கொள்ளவில்லை. அறுபத்தெட்டு வயதில் என் காது எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு எனக்குப் போதும்.

அக்கா இளம் வயதிலேயே புருஷனை இழந்து, கைக்குழந்தை பொன்மலரோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அம்மாவுக்குப் பிறகு சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்தது. என் மனைவி சிதம்பரவடிவு அதை ஒருநாளும் கேட்டதில்லை. பொன்மலரை நான்தான் படிக்கவைத்தேன். படிப்பு முடிந்ததும் அவள் மணப்பாட்டில் படகு மோட்டார் பழுது பார்க்கிற கிளாட்வின் என்பவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். எங்கள் வழக்கத்தில் இல்லாத கல்யாணம். இந்த வீட்டு வாசலை அவள் மிதிக்க வேண்டாம் என்றேன். "நீ இங்கயே இருந்துக்கலாம்லா அக்கா?" என்று அன்றைக்கு அக்காவிடம் கேட்டேன். "சரி" என்றாள். கடையில் ஒரு பெட்டி முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வேறெதுவும் என் காதில் விழவில்லை.

சென்ற ஆண்டு அக்காவுக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. கண் மட்டும் அசைந்தது. கை, கால், நாக்கு எல்லாம் நின்றுபோயின. சாவிக்கொத்து சிதம்பரவடிவின் இடுப்புக்கு மாறியது.

இப்படிப்பட்டவர்களுக்கு இப்போது உட்குரல் பெட்டி கொடுக்கிறார்கள். பொருத்துவதற்கு ரிஸ்வானா என்ற பெண் வந்தாள். மேலப்பாளையத்துப் பிள்ளை, பேச்சில் மரியாதை உண்டு. அக்காவின் தொண்டையில் நாலணா அகலத்துக்கு ஒரு வில்லையை ஒட்டினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை வைத்தாள்.

"வாய் அசையாட்டாலும், பேசணும்னு நெனைக்கும்போது தொண்டை நரம்புலயும் நாக்கு நரம்புலயும் துடிப்பு ஓடும் ஐயா. ரொம்ப ரொம்பச் சின்னத் துடிப்பு. வில்லை அதைச் சத்தமா மாத்தும், பெட்டி அதைப் பெருக்கும்."

"எத்தனை டிரான்சிஸ்டர்?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை போலும். "முதல் கட்டத்துல ஒண்ணுதான். முழுப் பெருக்கமும் அதுலயே வச்சிருக்கு. குடும்பத்தாருக்குச் சத்தமாக் கேக்கணும்லா."

"அப்போ வேகமான துடிப்பெல்லாம் அடிபட்டுப் போகுமே அம்மா?"

"போகும். போனதை உள்ள இருக்குற கணினி யூகிச்சு நிரப்பிக்கிடும். வித்தியாசமே தெரியாது ஐயா."

பெட்டியை முடுக்கினாள். ஒரு குரல் வந்தது. "தண்ணி" என்றது. பல மாதம் கழித்துப் பேசிய அக்காவைப் பார்த்துச் சிதம்பரவடிவு அழுதுவிட்டாள். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அது அக்காவின் குரல் இல்லை. ரயில் நிலையத்தில் அறிவிப்பவள் போல உருண்டையாக, வழுவழுவென்று, நல்ல சத்தமாக ஒரு குரல்.

பொன்மலர் அடுத்த வாரமே வந்தாள். அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போக வேண்டும் என்று மனுக் கொடுத்திருந்தாள். உட்குரலில் பேசுகிறவர் யாரோடு இருப்பது என்பதை, அரசு அலுவலர் ஒருவர் நேரில் வந்து அவர் வாயாலேயே கேட்டுப் பதிவு செய்ய வேண்டும் என்பது இப்போதைய சட்டம். அதற்கு முன்பே அம்மாவைப் பார்க்க வந்துவிட்டாள். நோயாளியைப் பார்க்க வந்தவளை வாசலில் நிறுத்தக் கூடாது என்பதால் உள்ளே விட்டேன்.

"மாமா, அம்மாவ நான் வச்சுப் பாத்துக்கிடுதேன். கடல் காத்து. ரெண்டு பிள்ளைகளும் ஆச்சி எப்ப வருவாவன்னு கேட்டுக்கிட்டே இருக்கு."

"பொறந்த வீட்டுல ராணி மாதிரி இருந்தவள, சம்பந்தி வீட்டுல கொண்டுபோய்க் கட்டில்ல போடுவியா? உலகநாதன் மகள் போக்கிடம் இல்லாமப் போனான்னு ஊர் பேசணுமா?"

"ஊரு எங்க மாமா பேசுது? எல்லாவனும் காதுல பொட்ட வச்சுக்கிட்டு அலையுதான்."

"உங்க அம்மாவையே கேட்டுருவோம்" என்று கட்டிலண்டை போனேன். "அக்கா, இங்கயே இருந்துக்கலாம்லா?"

"சரி" என்றது பெட்டி. வழுவழுவென்று, சத்தமாக.

பொன்மலர் கட்டிலண்டை வந்தாள். அம்மாவின் நெற்றியைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

நிம்மதியைக் கெடுத்தது அந்தக் குரல்தான். அலுவலர் வருகிற அன்று சொந்தக்காரர்களெல்லாம் வருவார்கள். உலகநாதன் வீட்டுக் கூடத்தில், உலகநாதன் மகள், மண்பானைக்குள் இருந்து பேசினாற்போல ஒரு குரலில் பேசுவதா? அதை ஏதோ ஒரு கணினி யூகித்து நிரப்புவதா? அப்பா இருந்தால் அந்தப் பெட்டியைத் தெருவில் எறிந்திருப்பார்.

ரிஸ்வானாவைக் கூப்பிட்டு, வேறு பெட்டி நானே கட்டினால் வில்லையோடு இணைக்கலாமா என்று கேட்டேன்.

"சட்டத்துல தடை இல்ல ஐயா. ஆனா சத்தம் குறைஞ்சு போகுமே?"

"குறையட்டும். கிட்ட வந்து கேக்கட்டும்."

பரணில் அப்பாவின் டிரான்சிஸ்டர்கள் தகர டப்பாவில் இருந்தன. ஒரே டிரான்சிஸ்டரின் தலையிலிருந்த பெருக்கத்தை இரண்டுக்குப் பிரித்துக் கொடுத்தேன். இரண்டுக்கும் வெளிவருவதில் ஒரு பங்கை உள்ளேயே திருப்பிவிட்டுக் கடிவாளம் போட்டேன். பெருக்கம் இறங்கியது, வேகம் ஏறியது. சத்தத்துக்காக மூன்றாவது ஒன்றைச் சேர்த்துப் பார்த்தேன். பெட்டி நாய்போல ஊளையிட்டது. எடுத்துவிட்டேன். ஈயம் இரண்டு இடத்தில் வழிந்தது; சுரண்டி எடுத்தேன். சிதம்பரவடிவு விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எதுக்கு இந்தப் பாடு? கம்பெனிக்காரன் குடுத்தது நல்லாத்தான பேசுது."

"அது பேசுது. அக்கா பேசல."

பெட்டியில் பழக்கதோஷத்தில் மைக்குக்கும் ஒரு துளை வைத்திருந்தேன். மைக்கை மாட்டி, "சாவிய ஆட்டு" என்றேன். உள்ளறையில் சிதம்பரவடிவு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினாள். ஒலிபெருக்கியில் சன்னமாக, ஆனால் ஒவ்வொரு பல்லும் தெரிகிற மாதிரி, சாவிகள் ஒலித்தன. எத்தனையோ வருஷமாகக் கேட்காத சத்தம். கடையில் ஈயப்புகையின் வாசனையும், அம்மாவின் நடையும், அப்பாவின் கனைப்பும் அதோடு சேர்ந்தே வந்தாற்போலிருந்தது. கட்டிலில் அக்காவின் கண்கள் இந்தப் பக்கம் திரும்பின.

மைக்கைக் கழற்றி வில்லையை மாட்டினேன். ஏதாவது பேசவைக்க வேண்டுமே என்று, கேட்டதையே கேட்டேன்.

"அக்கா, இங்கயே இருந்துக்கலாம்லா?"

முதலில் மூச்சுப் போல ஒரு சீறல். பிறகு, சின்னதாக, கூர்மையாக, நாக்கு மேலண்ணத்தை விட்டுப் பிரிகிற சத்தம்.

"ச்சு. சரி."

அக்காவின் குரல்தான். கொஞ்சம் கரகரத்து, கடைசி எழுத்தை விழுங்குகிற அதே குரல். நான் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தேன். உள்ளறை வாசலில் சிதம்பரவடிவு நின்றிருந்தாள். அந்த உச்சுக்கு என்ன பொருள் என்று அவளுக்கும் தெரியும். மருமகளாக வந்த நாளிலிருந்து கேட்டவள்தான்.

நாக்கு ஒரு கணம் தட்டிப் பிரிகிற சத்தத்தைவிட வேகமானது மனிதப் பேச்சில் எது இருக்கிறது? கம்பெனிப் பெட்டி அதை முதல் டிரான்சிஸ்டரிலேயே விழுங்கியிருக்கிறது. நிரப்புகிற கணினிக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. மிஞ்சிய "சரி"யை மட்டும் மெருகேற்றி எனக்குக் கொடுத்திருக்கிறது.

மறுநாள் காலை அலுவலர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், சிதம்பரவடிவு காப்பியை வைத்துவிட்டு நின்றாள்.

"அந்தப் பழைய பெட்டியவே வச்சிருங்களேன். யாருக்குத் தெரியும்?"

"சாவி தேறாத பெட்டி இந்த வீட்டுல பேசாது."

"பெட்டி நிக்கும். மைனி போயிருவாவளே."

மைனி என்று அவள் கூப்பிடுகிற என் அக்காமேல் அவளுக்குப் பாசம் உண்டு. அதைவிட, என் சொல் நாலு பேர் முன்னால் விழுந்துவிடக் கூடாது என்ற கவலை உண்டு. கம்பெனிப் பெட்டியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொன்னேன். பூட்டினாள்.

கூடம் நிறைய ஆட்கள். பொன்மலர் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். கிளாட்வின் வாசலுக்கு வெளியே, வெயிலில் நின்றான்; நான் அழைக்கவில்லை. அலுவலர் நடுவயதுக்காரர், அவசரக்காரர். பெட்டியைப் பார்த்து, "இது என்ன, வீட்டுல செஞ்சதா?" என்றார். ரிஸ்வானா பரிசோதித்துச் சான்று சொன்னாள். "சத்தம் குறைவா வரும் சார். எல்லாரும் கிட்ட வரணும். ஃபேனை நிறுத்தணும்."

ஃபேனை நிறுத்தினார்கள். சித்திரை வெயில். காதிலிருந்த பொட்டுகளை எல்லோரையும் எடுக்கச் சொன்னேன். எடுத்தார்கள். கட்டிலைச் சுற்றித் தலையோடு தலை முட்டக் குனிந்தார்கள். அந்த வீட்டில் அத்தனை பேர் ஒரே சத்தத்துக்காகக் காத்திருந்து எத்தனை காலமாயிற்று.

"வீட்டார் யாரும் கேக்கக் கூடாது. நான்தான் கேப்பேன்" என்ற அலுவலர் குனிந்தார். "அம்மா, உங்க தம்பி வீட்டுலயே இருக்கச் சம்மதமா?"

"ச்சு. சரி."

அலுவலர் நிமிர்ந்தார். "சம்மதம்னு சொல்லிட்டாங்க. எல்லாரும் கேட்டீங்கல்ல?"

கேட்டோம் என்று தலைகள் ஆடின. அவருக்கு அந்த உச்சு தொண்டைச் செருமல் மாதிரிதான். சொந்தக்காரர்களுக்கும் அப்படியே. பொன்மலர் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். கடைக்குள்ளேயே தவழ்ந்து வளர்ந்தவள். அவள் சொன்னால் யார் நம்புவார்கள்? மகள் தனக்குச் சாதகமாகச் சொல்கிறாள் என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. நான் பேசாமல் இருந்தால் போதும். அக்கா என் வீட்டில் இருப்பாள், என் சொல் நிற்கும்.

"ஐயா, அது சம்மதமில்ல" என்றேன்.

"என்ன சார் சொல்றீங்க? தெளிவா சரின்னாங்களே."

"முன்னால ஒரு உச்சு வந்துச்சு. எங்க அப்பா காலத்துல அந்த உச்சு கேட்டா, பெட்டி கடைய விட்டு இறங்காது. எங்க அக்கா வேண்டாம்னு சொல்லுத முறை அதுதான். வேற முறை அவளுக்குத் தெரியாது. நாங்க சொல்லிக் குடுக்கல."

கூடத்தில் யாரோ இருமினார்கள். என் சித்தப்பா மகன் "அண்ணாச்சி, சும்மா இருங்க" என்று என் கையைப் பிடித்தான். நான் கையை விடுவித்துக்கொண்டேன்.

அலுவலர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். மறுபடியும் குனிந்தார். "அம்மா, மகள் வீட்டுக்குப் போக விருப்பமா?"

பெட்டியின் மெல்லிய இரைச்சல் மட்டும். தெருவில் ஒரு சைக்கிள் மணி. பிறகு, "போறேன்" என்றாள் அக்கா. கொஞ்சம் கழித்து, "தம்பி" என்றாள்.

பொன்மலரின் கல்யாணத்தைப் பற்றி என் கருத்து அன்றைக்கு எதுவோ, இன்றைக்கும் அதுதான். யாரும் தவறாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் வீட்டிலிருந்து பொய்ச் சத்தம் வெளியே போகக் கூடாது, அதற்காகத்தான் பேசினேன்.

அக்காவை வண்டியில் ஏற்றும்போது கிளாட்வின் தனியாளாகத் தூக்கினான். அலுங்காமல் தூக்கினான், அதைச் சொல்ல வேண்டும். சிதம்பரவடிவு இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து, கதவுச் சாவியையும் அலமாரிச் சாவியையும் மட்டும் கழற்றிக்கொண்டாள். மிச்சத்தை அக்காவின் தலையணைக்கு அடியில் வைத்தாள். பூட்டே இல்லாமல் போன பழைய சாவிகள்தான் அதில் மிச்சம்.

அக்கா போனபிறகு தினமும் கைபேசியில் பேசினேன். "சௌக்கியமா அக்கா?" "சரி." "சாப்பிட்டியா?" "சரி." எல்லாம் சரிதான். ஆனால் கைபேசியும் கூர்மையான சத்தத்தையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் அனுப்புகிறது. அந்தச் சரிகளுக்கு முன்னால் ஏதாவது இருந்ததா இல்லையா என்று கோவில்பட்டியில் உட்கார்ந்துகொண்டு எப்படித் தெரிந்துகொள்வது?

அதனால் பெட்டியைச் சர்வீஸ் செய்ய வருவதாகப் பொன்மலரிடம் சொல்லிவிட்டு, மணப்பாட்டுக்குப் பஸ் ஏறினேன். கட்டிய பெட்டியைப் போய்ப் பார்ப்பது எங்கள் கடையின் வழக்கம்; அப்பா மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

சின்ன வீடு. சன்னல் வழியே கடல் தெரிந்தது. குன்றின்மேல் சிலுவைக் கோயில் வெள்ளையாக நின்றது. அக்காவின் கட்டிலைச் சன்னலுக்கு நேராகப் போட்டிருந்தார்கள். குழந்தைகள் இரண்டும் கட்டிலில் ஏறி, பெட்டியோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு கிடந்தன. "ஆச்சி ரகசியம் பேசுதாவ" என்றது சின்னது. பொன்மலர் அவற்றை வெளியே விரட்டிவிட்டு, எனக்குத் தண்ணீர் கொடுத்தாள். அந்த வீட்டில் கை நனைப்பதாக இல்லை; மதியத்துக்குச் சிதம்பரவடிவு கட்டிக்கொடுத்த புளிச்சோறு என் பையில் இருந்தது.

பெட்டியைத் திறந்தேன். உப்புக்காற்றில், பற்றவைத்த இடங்களின் மேல் லேசாகப் பச்சை படர்ந்திருந்தது. துடைத்தேன். மூடினேன். அப்பா கேட்கிற மாதிரியே கேட்டேன்.

"என்ன அக்கா? எப்படி இருக்கு?"

பெட்டியையா, வீட்டையா, எதைக் கேட்டேன் என்று நான் சொல்லவில்லை. அக்காவின் கண்கள் சன்னலிலிருந்து என்மேல் வந்தன.

"சரி."

காத்திருந்தேன். முன்னாலும் எதுவும் இல்லை, பின்னாலும் எதுவும் இல்லை. உப்புக்காற்று பெட்டியை மந்தமாக்கியிருக்கும் என்று தோன்றியது. வில்லையைக் கழற்றி, கையோடு கொண்டுவந்த மைக்கை மாட்டினேன். தலையணைக்கு அடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து ஆட்டினேன்.

சாவி சாவியாகவே கேட்டது.

அடுப்படியிலிருந்து பொன்மலர் எட்டிப் பார்த்தாள். அந்தச் சத்தம் கேட்டால் எங்கிருந்தாலும் வருவாள், குழந்தையிலிருந்தே அப்படி.

"தேறிருச்சா மாமா?"

"தேறிருச்சு."

கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "சோறு வைக்கட்டுமா?" என்றாள். அவளுக்குப் பின்னால் கிளாட்வின், கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

நான் வில்லையை மறுபடி பெட்டியில் மாட்டினேன். பையை நகர்த்திச் சுவரோரம் வைத்தேன்.

"சரி" என்றேன். அதற்கு முன்னால் வேறு சத்தம் எதுவும் என் வாயிலிருந்து வரவில்லை. அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.